‘கேஸ் மாத்திரை’யை நிறுத்தினால் நெஞ்சு எரிகிறதே, டாக்டர்!

கேள்வி: எனக்கு 46 வயது. பள்ளி ஆசிரியை. ஒன்றரை வருடம் முன்பு நெஞ்செரிச்சலுக்காக எண்டோஸ்கோப்பி செய்தேன். ‘லேசான புண், கிரேடு ஏ’ என்று எழுதி, பான்டோப்ரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த காப்ஸ்யூலைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தினமும் காலை டிபன் முடித்ததும் ஒன்று போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் இரவு படுத்தால் தொண்டை வரை புளித்த தண்ணீர் வருகிறது. ‘கேஸ் மாத்திரையை ரொம்ப நாள் போட்டால் கிட்னி போய்விடும்’ என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பயந்துபோய் நிறுத்தினேன். நான்காம் நாள் முன்பைவிட மோசமாக எரிந்தது. மருந்துக்கடையில் ரானிடிடின் தந்தார்கள். மகன் ஈனோ வாங்கி வந்தான். வேறொரு டாக்டர் வோனோப்ரசான் என்று புதிதாக ஒன்றை எழுதினார். இதோடு தைராய்டு மாத்திரை வேறு வெறும் வயிற்றில் போட வேண்டியிருக்கிறது. இத்தனையில் நான் எதைப் போடுவது? காபியை விட்டே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ‘காலை டிபன் முடித்ததும்’ என்ற மூன்று சொற்கள்தான். ஒன்றரை வருடமாக நீங்கள் போட்ட மருந்து நல்ல மருந்து. அதைப் போட்ட நேரத்தால் பாதி பலன் வீணாகியிருக்கும். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம்.

நம் ஊரில் வயிற்றில் எது நடந்தாலும் ‘கேஸ்’தான். ஏப்பம் வந்தால் கேஸ், நெஞ்சு எரிந்தால் கேஸ், தோள்பட்டை வலித்தாலும் கேஸ். பான்டோப்ரசோலுக்கும் கேஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை. உங்கள் தொந்தரவும் கேஸ் கிடையாது, எதுக்களிப்பு. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, மற்ற நேரம் மூடியிருக்க வேண்டிய வாசல் அது. அது தேவையில்லாத நேரத்தில் தளர்ந்துவிட்டால் இரைப்பையில் இருப்பது மேலே ஏறும். இரைப்பையின் உட்சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் ஏற்பாடு உண்டு. உணவுக்குழாய்க்கு அவ்வளவு இல்லை, அதனால் எரிகிறது.

நீங்கள் பட்டியல் போட்ட மருந்துகளில் ஒன்றுகூட அந்த வாசலைப் பழுது பார்ப்பதில்லை. அமில மருந்துகள் எல்லாமே, மேலே ஏறி வருவதன் அமிலத்தன்மையைக் குறைப்பவைதான். அதனால்தான் மாத்திரை போட்டும் சிலருக்கு எரிச்சல் போய்விடும், ஆனால் தண்ணீர் மாதிரி ஏதோ தொண்டைக்கு வருவது நிற்காது. அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மருந்துகளுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்டால், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடி ஓடித் தொட்டி நிரம்பி வழிகிறது. வழிந்த தண்ணீரைத் துணி போட்டுத் துடைக்கலாம். சுவிட்சை அணைக்கலாம். மோட்டாரையே பூட்டலாம். இந்த மூன்று வேலைகளுக்கும் தனித்தனி மருந்து இருக்கிறது.

உங்கள் மகன் வாங்கி வந்தது துடைக்கும் வகை. ஈனோ, ஜெலுசில், டைஜீன் எல்லாம் ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தோடு சேர்ந்து அதைச் சமன் செய்பவை. சில நிமிடங்களில் சுகம் தெரியும். வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி, ஒரு மணியில் இரைப்பையை விட்டு இறங்கிப் போய்விடும். சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். இதில் ஈனோவைப் பற்றி ஒரு வேடிக்கை. அதில் இருப்பது சோடா உப்பு. அது அமிலத்தோடு சேரும்போது கரியமில வாயு உண்டாகும். பெரிதாக ஏப்பம் வந்ததும் ‘அப்பாடா, கேஸ் வெளியே போச்சு’ என்று நிம்மதி அடைகிறோமே, அதில் பெரும்பங்கு அந்தப் பொட்டலமே உண்டாக்கிய வாயு! ஒவ்வொரு ஏப்பத்துக்கும் அந்த வாசல் திறக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதிலுள்ள சோடியமும் நல்லதல்ல. என்றைக்கோ கல்யாணச் சாப்பாடு அதிகமாகிவிட்டால் சரி. தினமும் வேண்டாம்.

இதே குடும்பத்தில் நான் மரியாதை வைத்திருக்கும் ஒன்று ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தால், இரைப்பையில் உள்ளவற்றின் மேல் பாலாடை போல ஒரு படலமாக மிதந்து நிற்கும். மேலே ஏறப் பார்ப்பதைக் கையால் பொத்துவது மாதிரி. உங்களைப் போல ‘தொண்டைக்குத் தண்ணீர் வருகிறது’ என்பவர்களுக்கு இது பொருந்தும். கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகப் பாதுகாப்பானது. மருந்துக்கடையில் கேட்கும்போது சோடியம் ஆல்ஜினேட் என்று கேளுங்கள். அமிலத்தைச் சமன் மட்டும் செய்யும் வெறும் ஆன்டாசிட் சிரப்பும் பாட்டிலில் அதே மாதிரிதான் இருக்கும்.

ரானிடிடின், ஃபேமோடிடின் இரண்டும் சுவிட்சை அணைக்கும் வகை. அமிலத்தைச் சுரக்கச் சொல்லி இரைப்பைச் செல்லுக்கு மூன்று வழியாக உத்தரவு போகிறது: நரம்பு வழியாக, காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் வழியாக, ஹிஸ்டமின் வழியாக. இந்த மாத்திரைகள் ஹிஸ்டமின் வழியை அடைக்கின்றன. 1976-ல் இங்கிலாந்தில் சிமெடிடின் வந்தபோது இது பெரிய விஷயம். அதற்கு முன் வயிற்றுப்புண் ஆறவில்லை என்றால் கத்திதான். அந்த வழியைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். ஆனால் ஒரு சுவிட்சைத்தானே அணைத்தோம்? மற்ற இரண்டும் திறந்திருக்கின்றன. தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகிப்போய் பலன் குறைந்துவிடும். ஆகவே இது அவ்வப்போது தேவைப்படுபவர்களுக்கான மாத்திரை.

உங்களுக்கு ரானிடிடின் வேண்டாம் என்பேன். 2019-ல் அதில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மாசுப்பொருள் இருப்பது தெரிய வந்தது. மாத்திரையை வைத்திருக்க வைத்திருக்க, அதிலும் வெப்பத்தில் வைத்திருந்தால், அந்த அளவு கூடுகிறது என்பதும் தெரிந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் எல்லா ரானிடிடினையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். இந்தியாவிலும் 2022-ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலிருந்து அதை நீக்கினார்கள். பட்டியலில் இல்லை என்பதற்காக விற்பனை நிற்கவில்லை. சித்திரை வெயிலில் தகரக்கூரைக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடை அலமாரியை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. இத்தனை நாள் போட்டவர்கள் பதற வேண்டியதில்லை. இனிமேல் அந்த வகை தேவைப்பட்டால் ஃபேமோடிடின் இருக்கிறதே. அதில் இந்தச் சிக்கல் இல்லை.

சரி, இப்போது உங்கள் பான்டோப்ரசோல். ஒமிப்ரசோல், ரபிப்ரசோல், எசோமிப்ரசோல் எல்லாம் இதன் உடன்பிறப்புகள். மூத்தது ஒமிப்ரசோல், 1988-ல் வந்தது. இவை மோட்டாரையே பூட்டுபவை. உத்தரவு எந்த வழியாக வந்தாலும் கடைசியில் அமிலத்தை வெளியே தள்ளுவது, செல்லின் சுவரில் இருக்கும் ஒரு பம்பு. இந்த மருந்து போய் அதில் ஒட்டிக்கொண்டால் அந்தப் பம்பு அவ்வளவுதான், பிறகு திறக்காது.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் இந்த மருந்தால் பூட்ட முடியும். சும்மா கிடக்கும் பம்பை ஒன்றும் செய்யாது. பம்புகள் அதிகமாக ஓடத் தொடங்குவது எப்போது? சாப்பாடு உள்ளே போகும்போது. அந்தச் சமயத்தில் மருந்து இரத்தத்தில் தயாராக நிற்க வேண்டும். இரத்தத்தில் அது இருப்பதோ சில மணி நேரம்தான். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். நீங்கள் டிபனுக்குப் பிறகு போடுகிறீர்கள். மாத்திரை உணவோடு இரைப்பையிலேயே தங்கி, மெதுவாகக் குடலுக்குப் போய், இரத்தத்தில் ஏறும்போது பந்தி முடிந்து இலை எடுத்தாயிற்று.

போட்ட அன்றே ‘கேட்கவில்லை’ என்று சொல்வதும் சரியல்ல. ஒரு நாளில் எல்லாப் பம்பும் பூட்டப்படாது, உடம்பும் தினமும் புதுப் பம்புகளைச் செய்துகொண்டே இருக்கும். முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். எரியும்போது மட்டும் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, பத்து நிமிடத்தில் ஆறவில்லை என்று கோபப்படுபவர்கள் நிறைய. அந்த அவசரத்துக்கு ஆன்டாசிட் சிரப்தான்.

இன்னொன்று. என் ஓபிக்கு ஒரு பெரியவர் வந்தார். மூன்று மாதமாக மாத்திரை போட்டும் எரிச்சல் குறையவில்லை என்றார். ‘எப்படிப் போடுகிறீர்கள், காட்டுங்கள்’ என்றேன். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார், ஒரு மாத்திரையைப் பிதுக்கி மேசையில் வைத்தார், என் பேப்பர் வெயிட்டை எடுத்து நறுக்கென்று நசுக்கிவிட்டார். தொண்டையில் மாத்திரை சிக்கும் என்று, மருமகள் தினமும் இப்படிப் பொடி செய்து தயிர்சாதத்தில் கலந்து கொடுக்கிறாராம். அந்த மாத்திரையின் மேல் இருக்கும் பூச்சு அழகுக்காகப் பூசியது இல்லை. பான்டோப்ரசோல் அமிலம் பட்டால் கெட்டுப்போகும். அதனால்தான் இரைப்பையைத் தாண்டிக் குடலில் போய்க் கரைகிற மாதிரிப் பூசியிருக்கிறார்கள். நசுக்கினால் அமிலத்தைக் குறைக்க வந்ததை அமிலமே தின்றுவிடும். முழுதாக விழுங்க வேண்டும். முடியாதவர்களுக்குத் தண்ணீரில் கலக்கும் பொடி வகைகள் தனியாகவே இருக்கின்றன.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்களுக்குத் தொந்தரவு இரவில். காலையில் தைராய்டு மாத்திரை, அப்புறம் காபி, அப்புறம் பள்ளிக்குக் கிளம்பும் அவசரம். இதற்குள் இன்னொரு வெறும் வயிற்று மாத்திரையை ஏன் திணிக்க வேண்டும்? தைராய்டு மாத்திரை காலையிலேயே இருக்கட்டும். பான்டோப்ரசோல் 40 மில்லிகிராமை இரவுச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பு மாற்றிக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ‘காலையில் மட்டும்தான்’ என்று சட்டம் ஒன்றும் இல்லை. இரவில் எரிபவர்களுக்கு இரவுக்கு முன் போடுவது பொருந்தும். ஆன்டாசிட் சிரப் குடிப்பதாக இருந்தால் மட்டும் அதற்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். அதிலுள்ள அலுமினியம், கால்சியம் எல்லாம் தைராய்டு மருந்தை உறிஞ்ச விடாது. இரும்புச் சத்து மாத்திரையையும் அதே நேரத்தில் போட வேண்டாம். அமிலம் குறைந்தால் தைராய்டு மருந்து இரத்தத்தில் சேருவதும் சிலருக்குக் குறையும். ஆகவே இந்த மருந்தைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு முறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை பார்த்துவிடுவது நல்லது.

காப்ஸ்யூலில் கூட இருக்கும் டோம்பெரிடோன் எனக்குப் பிடிக்கவில்லை. அது வாந்திக்கான மருந்து. இரைப்பை சீக்கிரம் காலியாகும் என்ற கணக்கில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் டோம்பெரிடோனைக் குறிக்கும் ‘டி’ பெயரில் சேராத அட்டையைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. இதயத் துடிப்பில் கோளாறு வரலாம் என்பதால் 2014-லேயே ஐரோப்பிய மருந்து முகமை இதை வாந்தி, குமட்டலுக்கு மட்டும், அதுவும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் என்று கட்டுப்படுத்திவிட்டது. நீங்கள் ஒன்றரை வருடம் போட்டிருக்கிறீர்கள். உங்கள் வயதில் மாதவிலக்கு தள்ளிப்போனால் ‘நிற்கும் காலம்’ என்று விட்டுவிடுவோம். இந்த மருந்தும் அதைச் செய்யும், மார்பில் பால் போலக் கசியவும் வைக்கும். கூட்டணியில் அதே கணக்கில் சேர்க்கும் லெவோசல்பிரைடு இருந்தால் இன்னும் கவனம் தேவை. வயதானவர்களுக்குக் கை நடுக்கம் வந்து, பார்க்கின்சன் நோய் என்று பயந்து ஓடி வந்திருக்கிறார்கள். தனி பான்டோப்ரசோல் கேட்டு வாங்குங்கள். விலையும் குறைவு, மக்கள் மருந்தகத்தில் இன்னும் குறைவு. உடன்பிறப்புகளுக்குள் எது உசத்தி என்று அலைய வேண்டாம், சரியான அளவில் சரியான நேரத்தில் போட்டால் பெரும்பாலோருக்கு எல்லாம் ஒன்றுதான். உங்கள் வீட்டில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, இரத்தம் கட்டாமல் இருக்கக் குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர் இருந்தால் அவருக்கு மட்டும் வித்தியாசம் உண்டு. அவர் ஒமிப்ரசோல், எசோமிப்ரசோலைத் தவிர்த்துப் பான்டோப்ரசோல் எடுப்பது நல்லது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை, முழுக்க உண்மையும் இல்லை. இந்த மாத்திரையால் சிறுநீரகத்தில் ஒருவித அழற்சி வரலாம், ஆனால் அபூர்வம். நீண்ட நாள் போடுபவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12, மெக்னீசியம் குறையலாம். கிட்னி கெடும், எலும்பு முறியும் என்ற செய்திகளில் பெரும்பாலானவை, மாத்திரை போட்டவர்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துச் சொன்னவை. போட்டவர்கள் ஏற்கெனவே வேறு நோய்கள் உள்ளவர்களாக இருந்தால் பழி மாத்திரை மேல் விழும். 17,598 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பான்டோப்ரசோலும் மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் சராசரியாக மூன்று வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. அதில் குடல் தொற்று மட்டும்தான் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கிட்னி நோயில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பயத்தில் நிறுத்த வேண்டாம். தேவை இல்லாமல் தொடரவும் வேண்டாம். கிரேடு ஏ என்பது உணவுக்குழாயில் மிக லேசான புண். வழக்கமாக அதற்கு எட்டு வாரம் போதும். ‘இத்துடன் நிறுத்துங்கள்’ என்று யாரும் சொல்லாததால் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

நான்காம் நாள் ஏன் எரிந்தது? அமிலத்தை அடக்கி வைத்திருக்கும்போது உடம்பு சும்மா இருக்காது. ‘அமிலம் போதவில்லை’ என்று காஸ்ட்ரினைக் கூட்டும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் கட்டு அவிழ்த்த கன்று மாதிரி அமிலம் பாயும். டென்மார்க்கில் 2009-ல், எந்த வயிற்றுத் தொந்தரவும் இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரையைக் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த சில வாரங்களில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், புளித்த ஏப்பம் எல்லாம் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். நோயே இல்லாதவர்களுக்கு இப்படி! ஆக, அன்று எரிந்ததை வைத்து ‘எனக்கு ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதலில் ஒரு மாதம் சரியான நேரத்தில் போடுங்கள். இரவு நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்றால் 20 மில்லிகிராமுக்கு இறங்கி இரண்டு வாரம், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு வாரம், பிறகு நிறுத்தம். நிறுத்திய பின் சில வாரங்களுக்கு எரிச்சல் எட்டிப் பார்க்கும். அப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஆல்ஜினேட், அதற்கும் அடங்காத நாளில் ஒரு ஃபேமோடிடின். இரண்டு மாதம் தாண்டியும் வாரத்தில் பல நாள் எரிந்தால், சரி, உங்களுக்கு மாத்திரை உண்மையாகவே தேவைப்படுகிறது. அடங்குகிற மிகக் குறைந்த அளவில் தொடரலாம். பெரிய புண், அதாவது கிரேடு சி, டி என்று எழுதப்பட்டவர்களும், இரத்தக்கசிவு அபாயத்துக்காக இதைச் சாப்பிடுபவர்களும் இதைப் படித்துவிட்டு நிறுத்தப் போக வேண்டாம். இது அவர்களுக்கான ஆலோசனை இல்லை.

வோனோப்ரசான் மோசமான மருந்து கிடையாது. ஜப்பானில் 2015 முதல் இருக்கிறது, இப்போது இங்கும் கிடைக்கிறது. பம்பு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதைத் தடுக்கும், சாப்பாட்டு நேரம் பார்க்க வேண்டாம், முதல் நாளே வேலை செய்யும். பெரிய புண்ணாக இருந்து பான்டோப்ரசோலைச் சரியாகப் போட்டும் ஆறவில்லை என்றால் நானே எழுதுவேன். கிரேடு ஏ-க்கு, அதுவும் பழைய மருந்தை ஒரு நாள்கூடச் சரியான நேரத்தில் போட்டுப் பார்க்காமல், இதற்குத் தாவுவது கொசுவுக்கு வேட்டுப் போடுவது மாதிரி.

வாசலுக்கு என்ன வழி என்று முதலில் சொல்லாமல் விட்டேனே. இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்துக்குப் படுக்கும் வீடாக இருந்தால் எந்த மாத்திரையாலும் முழுக்கச் சமாளிக்க முடியாது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் வையுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு இன்னும் அமுங்கும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை கீழேயும் உணவுக்குழாய் வாசல் மேலேயும் இருக்கும். எடை கூடுதலாக இருந்தால் ஐந்து கிலோ குறைந்தாலே வித்தியாசம் தெரியும். அம்லோடிபைன் போன்ற சில பிரஷர் மாத்திரைகள் அந்த வாசலைத் தளர்த்தும். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி மாற்றலாம்.

விழுங்கும்போது சோறு நெஞ்சில் நிற்பது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது, இரத்த வாந்தி, இரத்தச் சோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கணக்கெல்லாம் தள்ளி வைத்துவிட்டு மறுபடி எண்டோஸ்கோப்பிக்குப் போக வேண்டும். மாடி ஏறும்போது நெஞ்சு அடைத்தாலோ, வியர்வையோடு நெஞ்சு வலித்தாலோ ஈனோவைத் தேடாதீர்கள், ஈசிஜி எடுங்கள்.

காபியை விட வேண்டியதில்லை, டீச்சர். காபி குடித்த அன்று எரிகிறதா என்று இரண்டு வாரம் கவனியுங்கள். எரியவில்லை என்றால் குடியுங்கள். தைராய்டு மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும். இரவு எட்டு மணிக்கு விடைத்தாள் திருத்தும்போது குடிக்கிற அந்த இரண்டாவது டம்ளர் இருக்குமே, அதை மட்டும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நகர்த்திக்கொள்ளுங்கள்.